நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை இப்ப ஏன் தோண்டறாங்க?

தம்பி, உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இது தான். நீங்க நவி மும்பைல ஒரு தின்பண்டக் கம்பெனில வேலை பாக்கறீங்க, போன மாசம் ஒரு பேட்ச் மிக்சர்ல சிக்கு வாடை அடிச்சுது, விசாரிச்சா வாடகைக்கு எடுத்திருந்த குடோன்காரன் சரக்கை வெயில்ல இறக்கி ரெண்டு நாள் அப்படியே போட்டு வெச்சிருந்திருக்கான், நீங்களும் மறைக்காம அறிக்கை விட்டு சரக்கைத் திருப்பி எடுத்துட்டீங்க. ஆனா ஃபோன் பண்றவங்க, டீலருங்க, நிருபருங்க எல்லாரும் நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க கம்பெனி தேதி மாத்தி ஒட்டின விவகாரத்தையே இழுக்கறாங்க. "அது வேற தப்பு, இது வேற தப்பு, அப்ப இருந்த மேனேஜர் கூட இப்ப இல்ல, ரெண்டையும் ஏன் சார் முடிச்சு போடறாங்க"ன்னு கேக்கறீங்க.

22 வருஷமா மும்பைல எனக்கு இதே பொழப்பு தான், கம்பெனிங்க எங்கயாவது மாட்டிக்கிட்டா என்ன பேசணும் எதைப் பேசக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கற வேலை. இந்தத் தொழிலுக்காகப் படிச்ச படிப்பு எல்லாத்தையும் விட எனக்கு இதைப் புரிய வெச்சது ஒரு மாவு பாக்கெட், அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் நான் பையனா இருக்கறப்பலேர்ந்து போற ஒரு அண்ணாச்சி கடை இருக்கு, செம்பூருக்கு வீடு மாத்தி வந்தப்புறமும் மாசம் ரெண்டு தடவை போயிடுவேன், அப்பளமும் நல்லெண்ணெயும் அங்க வாங்கினா தான் எங்கம்மாவுக்குத் திருப்தி. அங்க இட்லி மாவு பாக்கெட் நல்லா ஓடும். ஒரு மே மாசம் ஒரு கம்பெனியோட (பேர் வேண்டாம்) மாவு பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பி வந்துச்சு, ஃப்ரிட்ஜைத் திறந்தா புளிச்ச நாத்தம், ஒண்ணு ரெண்டு வெடிச்சு பக்கத்துல இருந்த பன்னீர், தயிர் மேலல்லாம் மாவு வழிஞ்சு, அண்ணாச்சி அன்னிக்கு பூரா துணி வெச்சுத் துடைச்சுக்கிட்டே திட்டினார். கம்பெனிக்காரங்க சும்மா இருக்கல, ரெண்டு வாரத்துல வண்டியை மாத்தி, ஐஸ் பெட்டி வெச்சு, கெட்டுப் போனதுக்கெல்லாம் காசு குடுத்து சரி பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க மாவு உப்பவே இல்ல. ஆனா அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. அந்தக் கம்பெனி பாக்கெட்டை எடுத்தா கட்டைவிரலால நடுவுல ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு தான் நம்ம கைல குடுப்பார். பக்கத்துலயே இருக்கற வேற கம்பெனி பாக்கெட்டை அமுக்க மாட்டார். அவர் அமுக்கறதைப் பாத்து வாங்க வர்ற அக்காங்களும் ஒரு அமுக்கு.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு ஒரு ஜூலை மாசம், பேய் மழை, ரோட்டுல முழங்கால் தண்ணி, ராத்திரி பூரா கரெண்ட் இல்ல. காலைல ஃப்ரிட்ஜ்ல இருந்த எல்லா கம்பெனி மாவும் உப்பிப் போச்சு. ஃப்ரிட்ஜ் அண்ணாச்சியோடது, நின்னது அவர் கண் முன்னாடி, அவருக்குத் தெரியாதா? ஆனா நான் போனப்ப என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா, "கரெண்ட் போச்சு, எல்லாம் கெட்டுப் போச்சு தம்பி, அது கிடக்கட்டும், இந்த மாவு இருக்கே, இது முன்னாடியே அப்படித் தான் பாத்துக்கிடுங்க"ன்னார். மத்த கம்பெனி மாவு கெட்டதுக்கு மழை காரணம், அந்த ஒரு மாவு கெட்டதுக்கு மட்டும் அந்த மாவே காரணம்.

உங்க கேள்விக்கு பதில் இதுக்குள்ளயே இருக்கு. ஒரு பிரச்சனை வந்தா மனுஷன் முதல்ல கேக்கறது "யார் தப்பு"ன்னு. முதல் தடவைன்னா வெயில், மழை, டிரைவர், கெட்ட நேரம்னு பல பதில் வரும். ரெண்டாவது தடவைன்னா ஒரே பதில் தான், "இவன் அப்படித் தான்". அதோட நிக்காது, ரெண்டாவது தப்பு வந்தவுடனே முதல் தப்பும் விபத்து கணக்குலேர்ந்து குணம்ங்கற கணக்குக்கு மாறிடும். நாலு வருஷம் முன்னாடி உங்களை மன்னிச்சவங்க கூட இப்ப அந்த மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கறாங்க, உங்களுக்கு வலிக்கறது அது தான்.

இதை ஆராய்ச்சியாவே பண்ணவங்க உண்டு. அமெரிக்காவுல திமோத்தி கூம்ப்ஸ்னு ஒரு பேராசிரியர், எங்க தொழில்ல இருக்கறவங்க அவரைப் படிக்காம இருக்க முடியாது. கம்பெனிங்களுக்கு வர்ற நெருக்கடியை அவர் மூணு கூடைல போடறார். ஒண்ணு, கம்பெனியே பாதிக்கப்பட்டது, பூகம்பம், வெளியாள் விஷம் கலக்கறது மாதிரி. ரெண்டு, தெரியாம நடந்த விபத்து, மெஷின் கோளாறு மாதிரி. மூணு, தடுத்திருக்கலாம் ஆனா தடுக்கல, இல்லன்னா தெரிஞ்சே பண்ணது. எந்தக் கூடைல விழறோமோ அதைப் பொறுத்து தான் ஜனங்களோட கோபம். ஆனா அந்தக் கம்பெனி முன்னாடியும் இதே மாதிரி மாட்டியிருக்குன்னு தெரிஞ்சா, முதல் ரெண்டு கூடைல இருக்க வேண்டியதையும் ஜனங்க மூணாவது கூடை பக்கம் தள்ளிடறாங்கன்னு அவர் காட்டினார். பசங்க ஷூவுல பர்ருன்னு பிரிப்போமே, அந்த வெல்க்ரோ, அதோட பேரைத் தான் அவரும் ஷெர்ரி ஹாலடேயும் சேர்ந்து இதுக்கு வெச்சாங்க. கெட்ட பேர்ல கொக்கி கொக்கியா இருக்கும், அந்தப் பக்கமா போற தூசி தும்பு எல்லாம் வந்து ஒட்டிக்கும்.

அதே ஆராய்ச்சில இன்னொரு முடிவும் வந்துச்சு, அதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பழைய பேர் கெட்டதா இருந்தா அடி பலமா விழுது சரி, நல்லதா இருந்தா அடி குறையணும் இல்லயா? பெருசா குறையல. நல்ல பேர் இருக்கற கம்பெனிக்கும், நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாதுங்கற கம்பெனிக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. "இப்பவே நாலு நல்லது பண்ணி வெச்சுக்கோங்க, நாளைக்கு ஆபத்துக்கு உதவும்"னு சொல்லித் தான் எங்க தொழில்ல பாதி பில்லே போடறோம், அதனால இந்த முடிவை க்ளையன்ட் முன்னாடி யாரும் சத்தமா சொல்றது இல்ல.

நம்ம நாட்டுலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு, யாரோ வேணும்னே சோதனை பண்ண மாதிரி அமைஞ்சது. 2003 ஆகஸ்ட்ல டெல்லில இருக்கற சிஎஸ்இ, அதான் சுனிதா நாராயணோட சென்டர் ஃபார் சயின்ஸ் அண்ட் என்விரான்மென்ட், கோக் பெப்சி பானங்கள்ல பூச்சிமருந்து இருக்குன்னு அறிக்கை விட்டாங்க. ஜென்ம விரோதிங்க ரெண்டும் ஒரே மேடைல உக்காந்து மறுத்தது அப்ப தான். சரத் பவார் தலைமைல நாடாளுமன்றக் கூட்டுக்குழு போட்டு அவங்களும் 2004ல சிஎஸ்இ சொன்னது சரி தான்னாங்க. அப்புறம் 2006 ஆகஸ்ட்ல சிஎஸ்இ மறுபடி டெஸ்ட் பண்ணி மறுபடி இருக்குன்னாங்க. ரெண்டாவது தடவை. நாடு பூரா ஒரே அறிக்கை, ஒரே கம்பெனிங்க. பல மாநிலங்க ஸ்கூல்லயும் சர்க்கார் கேன்டீன்லயும் மட்டும் விக்கக்கூடாதுன்னு நிறுத்திக்கிட்டாங்க. கேரளா மட்டும் தயாரிக்கவும் கூடாது விக்கவும் கூடாதுன்னு மொத்தமா தடை போட்டுச்சு. ஏன் கேரளா? அங்க பாலக்காடு பக்கம் பிளாச்சிமடா இருக்கு. கோக் ஃபேக்டரி வந்தப்புறம் கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, வத்திப் போச்சுன்னு அந்த ஊர் ஆதிவாசி ஜனங்க 2002லேர்ந்து உக்காந்து போராடி, 2004 மார்ச்ல ஃபேக்டரி நின்னு போச்சு. பாட்டில்ல பூச்சிமருந்துங்கறதும் கிணத்துல தண்ணி இல்லங்கறதும் முழுக்க வேற வேற குற்றச்சாட்டு, ஆனா பாலக்காட்டுல இருக்கறவனுக்கு அது ஒரே கதையோட அடுத்த அத்தியாயம். அந்தத் தடையை கேரள ஹைகோர்ட் அடுத்த மாசமே ரத்து பண்ணிடுச்சு. கோர்ட்டு சட்டத்தைத் தான் பாக்கும், வெல்க்ரோவைப் பாக்காது.

நம்ம பக்கமும் நடந்தது தானே, 2017 ஜனவரில ஜல்லிக்கட்டுக்காக மெரினால கூட்டம் கூடினப்ப கோக் பெப்சி பேச்சும் கூடவே வந்துச்சு. மாட்டுக்கும் கலர் சோடாவுக்கும் என்னங்க சம்பந்தம்? தாமிரபரணித் தண்ணி கங்கைகொண்டான் சிப்காட்ல இருக்கற குளிர்பான ஃபேக்டரிங்களுக்கு போறதைப் பத்தின பழைய கோபம் அங்க ஏற்கனவே இருந்துச்சு, ஹைகோர்ட் மதுரைக் கிளைல கேஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு, வணிகர் சங்கங்க மார்ச் 1லேர்ந்து இனிமே விக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. மறுநாளே கோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு, கடைல பாட்டிலை இறக்கி வெச்சவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டு உடனே திருப்பி ஏத்திடல. நம்ம அண்ணாச்சிக்கு சொந்த ஊர் அந்த ஆத்துக்கரை தான், மும்பைல அவரை எந்த சங்கமும் கேக்கல, ஆனாலும் கொஞ்ச நாள் ஃப்ரிட்ஜ்ல மோர் பாக்கெட் தான் அடுக்கி வெச்சிருந்தார், பக்கத்து மராட்டிக்காரர் வந்து கோலா கேட்டா "நஹி ஹை"ன்னு முடிச்சுக்குவார்.

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா போயிங். 737 மேக்ஸ் விமானம் 2018 அக்டோபர்ல இந்தோனேஷியாவுல ஒண்ணு, 2019 மார்ச்ல எத்தியோப்பியாவுல ஒண்ணு விழுந்து மொத்தம் 346 பேர் போனாங்க. 2024 ஜனவரி 5ஆம் தேதி அமெரிக்காவுல அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் ஒண்ணுல நடுவானத்துல கதவு மாதிரி ஒரு அடைப்பு பிச்சுக்கிட்டு போச்சு, ஒருத்தருக்கும் உயிர் போகல, பத்திரமா இறங்கிட்டாங்க. ஆனா பழைய 346 பேரும் அன்னிக்கு எழுந்து வந்து சாட்சி சொன்ன மாதிரி ஆயிடுச்சு, அந்த மாடலை மறுபடி தரைல நிறுத்தினாங்க, மூணு மாசத்துக்குள்ள தலைமை அதிகாரி வருஷக் கடைசில விலகறேன்னார். விசாரணைல பாத்தா போல்ட்டே மாட்டாம அனுப்பியிருக்காங்க, அதனால ஜனங்க சந்தேகப்பட்டது தப்புன்னும் சொல்ல முடியாது. இதையும் மனசுல வெச்சுக்கோங்க தம்பி, ஜனங்க பழசை வெச்சு எடை போடறது எப்பவும் அநியாயம் இல்ல, பல தடவை அது சரியான துப்பு தான்.

நல்ல பேர் கவசம் ஆகாதுங்கறதுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன். 1982ல சிகாகோவுல எவனோ அவங்களோட டைலனால்ங்கற வலி மாத்திரைல சயனைடு கலந்து 7 பேர் செத்தாங்க, கம்பெனி பேர்ல தப்பே இல்ல, இருந்தும் 3 கோடியே 10 லட்சம் பாட்டிலைத் திருப்பி எடுத்தாங்க. இன்னிக்கும் எம்பிஏ வகுப்புல இந்தக் கதையைச் சொல்லாத வாத்தியாரே கிடையாது. அப்புறம் பேபி பவுடர் விவகாரம் வந்துச்சே, ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு அமெரிக்காவுல ஆயிரக்கணக்குல கேஸ், கம்பெனி இல்லவே இல்லன்னு சொல்லிக்கிட்டே 2023ல உலகம் பூரா டால்க் பவுடரை நிறுத்திடுச்சு. நம்ம மும்பை முலுண்ட்ல இருக்கற அவங்க ஃபேக்டரி லைசென்ஸை 2022ல மகாராஷ்டிரா எஃப்டிஏ, அதான் உணவு மருந்து கட்டுப்பாட்டுத் துறை, ரத்து பண்ணுச்சு, 2023 ஜனவரில பாம்பே ஹைகோர்ட் அதைத் தள்ளிவெச்சு கம்பெனிக்கு சாதகமா தீர்ப்பு சொன்னுச்சு. இந்த சண்டை முழுக்க யாராவது "டைலனால் சமயத்துல அவ்வளவு நேர்மையா நடந்தாங்களே, இவங்க சொல்றதை நம்புவோம்"னு சொல்லி நீங்க கேட்டீங்களா? நான் கேக்கல.

அப்போ மேகி எப்படி தப்பிச்சுதுன்னு கேப்பீங்க. அதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். உத்தரப் பிரதேசம் பாராபங்கில 2014ல எடுத்த சாம்பிள், 2015ல கொல்கத்தா லேப்ல ஈயம் 17.2 பிபிஎம்னு, அதாவது பத்து லட்சத்துல 17.2 பங்குன்னு வந்துச்சு, அனுமதி 2.5 தான். ஜூன் 5ஆம் தேதி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ தடை, கம்பெனி ஆயிரக்கணக்கான டன் சரக்கைக் கொளுத்துச்சு, அந்த காலாண்டுல நெஸ்லே இந்தியாவுக்கு 64 கோடி ரூபாய்க்கு மேல நஷ்டம். ஆகஸ்ட் 13ல பாம்பே ஹைகோர்ட் தடையை ரத்து பண்ணி மறுபடி டெஸ்ட் பண்ணச் சொன்னுச்சு, அதுல பாஸாகி நவம்பர்ல கடைக்கு வந்துச்சு, வந்ததும் பழையபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு. இதே நெஸ்லே மேல 1977லேர்ந்து அமெரிக்காவுல, அப்புறம் ஐரோப்பாவுல, குழந்தைங்களுக்கான பால் பவுடரை ஏழை நாட்டுத் தாய்ங்க தலைல கட்டறாங்கன்னு பெரிய பகிஷ்கரிப்பே நடந்திருக்கு. ஆனா 2015ல தாதர் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு இருந்தவனுக்கு அது தெரியாது. அவனுக்கு மேகின்னா ஹாஸ்டல், ராத்திரி பசி, அம்மா ஊருக்குப் போன நாள். பழைய தப்பு இருக்கறது மட்டும் போதாது, ஜனங்களுக்கு அது ஞாபகம் இருக்கணும், இல்ல யாராவது ஞாபகப்படுத்தணும், ஞாபகம்ங்கறது ஊருக்கு ஊர் வேற. அதே இந்தியாவுல 2024 ஏப்ரல்ல நெஸ்லேயோட குழந்தை உணவு செரிலாக்ல சர்க்கரை சேக்கறாங்கன்னு சுவிஸ் அமைப்பு ஒண்ணு அறிக்கை விட்டப்ப, செய்தில ரெண்டாவது பத்திலயே மேகி வந்துடுச்சு. 2015ல காலியா இருந்த ரெக்கார்டுல இப்ப ஒரு வரி எழுதியிருக்கு, அவ்வளவு தான் விஷயம்.

சில சமயம் பழைய தப்பு உங்களோடதாவே இருக்க வேண்டாம். 2019 செப்டம்பர்ல பிஎம்சி, அதான் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கோஆபரேடிவ் பேங்க்ல ஆறு மாசத்துக்கு 1,000 ரூபாய் தான் எடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் கட்டு போட்டப்ப, மாட்டுங்காவுல இருக்கற எங்க பெரியம்மா தன்னோட கோஆபரேடிவ் பேங்க்ல இருந்த டெபாசிட்டை மறுநாளே உடைச்சுட்டாங்க, அது வேற பேங்க், அதுல ஒரு குறையும் இல்ல. "பேர்ல கோஆபரேடிவ்னு இருக்குல்ல, போதும்"னாங்க. வட்டில நஷ்டம் தான், கவலையே படல.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். உங்க அறிக்கையைப் படிச்சேன், "வெளி குடோன் ஒப்பந்ததாரரின் கவனக்குறைவு"ங்கற வரி முதல் பத்திலயே இருக்கு. உண்மை தான், ஆனா உங்களுக்கு அது உதவாது. 2003 அக்டோபர்ல இதே மும்பைல கேட்பரி டெய்ரி மில்க்ல புழு இருக்குன்னு எஃப்டிஏ சொன்னப்ப, கம்பெனி முதல்ல கடைல சரியா வெக்காதது தான் காரணம்னு சொல்லிப் பாத்துச்சு. தீபாவளி சீசன், சரக்கு தேங்கிப் போச்சு. சாக்லேட் விக்கறவனையே குத்தம் சொன்னா அவன் உங்க பக்கம் நிப்பானா? அப்புறம் தான் வழிக்கு வந்து, கடைக்காரங்களுக்கு எப்படி வெக்கணும்னு சொல்லிக் குடுத்து, 2004 ஆரம்பத்துல உள்ளுக்குள்ள அலுமினியம் ஃபாயில் ஒட்டின புது உறை போட்டு, அமிதாப் பச்சனைக் கூட்டி வந்தாங்க. எல்லாரும் அமிதாப்னால தான்னு சொல்றாங்க, நான் உறைனால தான்னு சொல்வேன், பிரிக்கறப்ப கைக்கே தெரியுது ஏதோ மாத்தியிருக்காங்கன்னு. அதுவும் அவங்களுக்கு முதல் தடவை. உங்களுக்கு ரெண்டாவது.

ரெண்டாவது தடவை மாட்டின கம்பெனி, விபத்தா இருந்தாலும் தன் தப்பு மாதிரியே நடந்துக்கணும், கூம்ப்ஸும் இதைத் தான் சொல்றார், என் அனுபவமும் அது தான். குடோன்காரன் பேரை எடுத்துடுங்க, குடோனை வாடகைக்கு எடுத்தது நாங்க, பாத்துக்க வேண்டியது நாங்கன்னு சொல்லுங்க. அதோட பழைய தேதி விவகாரத்தை நிருபர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே பேசுங்க, "நாலு வருஷம் முன்னாடி இந்தத் தப்பு பண்ணோம், அதுக்கப்புறம் இதை மாத்தினோம், அது இப்பவும் நடக்குது, ஆனா குடோன் பக்கம் நாங்க பாக்கல"ன்னு. வக்கீல் குதிப்பார், பழசைக் கிளறி ஒத்துக்காதீங்கன்னுவார், அவர் கவலை கோர்ட்டு, அவரோட உக்காந்து வார்த்தை வார்த்தையா பேசுங்க, ஆனா மொத்தமா வாயை மூடிக்கற அறிக்கைக்கு ஒத்துக்காதீங்க. அப்புறம் அந்த "இது ஒரு தனிப்பட்ட சம்பவம்"ங்கற வரி, அதை நாலு வருஷம் முன்னாடி விட்ட அறிக்கைலயும் எழுதியிருக்கீங்க, நான் எடுத்துப் பாத்தேன், அதே வார்த்தை. ரெண்டு தடவை நடந்ததை தனிப்பட்ட சம்பவம்னு ரெண்டு தடவை சொன்னா சிரிக்க மாட்டாங்களா?

நாலு வருஷம் முன்னாடி நிஜமாவே என்ன மாத்தினீங்கன்னு எனக்கு எழுதுங்க. ஒண்ணும் மாத்தலன்னா அதையும் சொல்லுங்க, அப்ப பேச்சே வேற மாதிரி போகணும், அதுக்கு அறிக்கை எழுதறவன் வேண்டாம், ஃபேக்டரில கை வெக்கற ஆள் வேணும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை, நாளைக்கு வாஷில ஏதாவது ஒரு கடைல சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்க. உங்க பாக்கெட்டை எடுக்கறவங்க திருப்பித் தேதி பாக்கறாங்களா, பக்கத்து கம்பெனி பாக்கெட்டை எடுக்கறப்பவும் அப்படிப் பாக்கறாங்களான்னு எண்ணிட்டு வாங்க. நம்ம அண்ணாச்சி கடைல இப்ப அவர் பையன் தான் நிக்கறான், அந்த மே மாசத்துல அவனுக்கு நடக்கவே தெரியாது. போன வாரம் மாவு வாங்கினேன், கட்டைவிரலால அமுக்கிட்டு தான் குடுத்தான். ஏன்டா அமுக்கறேன்னு கேட்டேன். "அந்த மாவு மட்டும் அமுக்கித் தான் கொடுக்கணும் அண்ணே, அப்பா சொல்லியிருக்காவ"ன்னான்.